துண்டு மாட்டும் கம்பி

சின்னக் குளியலறையைப் பெரிதாகக் காட்ட வெள்ளை டைல்ஸை மிஞ்சி எதுவும் இல்லை, சார். கூடவே எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி. இந்த இரண்டும் இருந்தால், கையை நீட்டினால் சுவர் இடிக்கிற அறைகூடப் பெரிய இடத்து அறை மாதிரி ஆகிவிடும். என் வீட்டுக் குளியலறையைத்தான் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களே. அதில் ஒரு குறை சொல்லுங்கள் பார்ப்போம்.

செலவும் கையைக் கடிக்கவில்லை. டைல்ஸ், ஒரு கடையில் மிஞ்சிப்போன சரக்கு. சுவருக்கென்று செய்தது, பளபளவென்று முகம் தெரியும். அதையே தரைக்கும் போட்டேன். அலமாரி, பழைய கட்டில் பலகை. நானே அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்தேன். துருப்பிடித்த குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட். டைல்ஸ் பதிக்க மட்டும் ஒரு கொத்தனார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடப் போகிறீர்கள். நான் சுத்தக்காரன், சிக்கனக்காரன், அவ்வளவுதான்.

அண்ணன் எங்களோடு வந்து தங்கியது அவருக்கு வாதம் வந்த பிறகு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், வேறு போக்கிடம் இல்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. வாயோரம் எச்சில் வடிந்தபடி இருக்கும். "மாமா நம்மகூடவே இருக்கட்டுங்க" என்று என் மனைவிதான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்றுதான் என்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

அவர் போய்விட்டு வந்த பிறகு நான் உள்ளே போக வேண்டும். சோப்பில் நரைமுடி சுற்றியிருக்கும். வாஷ்பேசினில் சளி, பாதி வழிந்து, பாதி காய்ந்து. பல்செட்டை என் பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே டம்ளரில் ஊறப்போட்டிருப்பார். அந்தத் தண்ணீரில் முந்தின வேளைச் சாப்பாட்டின் துணுக்குகள் மிதக்கும். பிளாஸ்டிக் முக்காலி ஒன்றில் உட்கார்ந்துதான் குளிப்பார். அதன் காலடியில் கொழகொழவென்று பாசி. சில நாள் பாசி மட்டும் இல்லை. உங்கள் மேஜையும் கொஞ்சம் பிசுபிசுவென்று இருக்கிறது, சார், தப்பாக நினைக்க வேண்டாம்.

சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. அதற்குள் போக மாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் வாளியும் விளக்குமாறுமாக முன்னால் போய், மற்றவர்கள் விட்டுப்போனதையெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, "வாடா, இப்பப் போ" என்பார். மூக்கைக்கூடப் பொத்த மாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் வாந்தியைக் கையிலேயே ஏந்திக்கொண்டு போய்க் கொட்டுவார். என் மனைவி இதைப் பாசம் என்கிறாள். மனிதருக்கு நாசூக்கு போதாது என்றுதான் நான் நினைத்தேன்.

குளியலறையைப் புதுப்பிக்கும்போது முதலில் அந்த முக்காலியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். மாமா எப்படிக் குளிப்பார் என்று மனைவி சண்டைக்கு வந்தாள். கடைக்குப் போய், இருப்பதற்குள் மலிவாக ஒரு கைப்பிடிக் கம்பி வாங்கி வந்தாள். சுவரில் பொருத்தினால் வயதானவர்கள் பிடித்துக்கொண்டு எழலாம், நடக்கலாம். நீளமான ஸ்க்ரூக்கள், பிளாஸ்டிக் முளைகள் எல்லாம் ஒரு பொட்டலத்தில் கூடவே வந்தன.

என்னால் அந்தச் சுவரில் ஓட்டை போட முடியவில்லை, சார். அப்படி ஒரு வெள்ளை. துளை போடும்போது விரிசல் விட்டால் அதே டைல்ஸ் மறுபடி கிடைக்காது. பசை போட்டு ஒட்டினால் என்ன என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"ஒட்டுனா துண்டு தொங்கும். ஆள் தொங்கக் கூடாது" என்றார் அவர்.

"துண்டுக்குத்தான்" என்றேன்.

அப்படிச் சொன்ன அந்த நொடியில்தான் முடிவு செய்தேன். எப்போது முடிவு செய்தாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்கு இதுதான் பதில். கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு நானே ஒட்டினேன். கோணல் இல்லாமல் நேராக நின்றது. துண்டைப் போட்டுப் பார்த்தேன், ஆடவில்லை. துளை போட்டுப் பொருத்தியாயிற்று என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, "இனிமே பயமே வேண்டாம் மாமா, இதக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றாள். பாவம், அப்பாவி.

ஆனால் அண்ணன் அதைப் பிடிக்கவில்லை. "தரை வழுக்குதுடா தம்பி" என்று சொல்லிக்கொண்டு வாஷ்பேசினைப் பிடித்தபடியே நகர்ந்தார். புதுப் பீங்கானில் எச்சில் கையின் ஐந்து விரலும் பதிந்திருக்கும். தினமும் வேலையிலிருந்து வந்து அதைத் துடைப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று. துடைக்கத் துடைக்க உடம்பெல்லாம் கூசும்.

அன்று காலை மனைவி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, குளிக்கப் போனவரிடம் சொன்னேன். "அண்ணே, பேசினப் பிடிக்காதீங்க. கம்பியப் பிடிங்க. உங்களுக்காகத்தானே போட்டிருக்கேன்."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "எனக்காகவாடா?" என்றார். வாயோரம் எச்சில் வடிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. கம்பி தரையில் விழுந்த சத்தம் தனியாக, அவர் விழுந்த சத்தம் தனியாக. பிறகு "தம்பி" என்று கூப்பிட்டார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. நான் கதவு வரைக்கும் போனேன். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே வந்தது. அதில் ரத்தம் கலந்திருந்தது, வேறு ஒன்றும் கலந்திருந்தது. உள்ளே போனால் அவரைத் தொட்டுத் தூக்க வேண்டியிருக்கும். மறுபடி "தம்பி" என்றார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. குரல் நிற்கும் வரை நான் அங்கேயே நின்றேன். காலில் படாதபடி கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன்.

கம்பி இருந்த இடத்தில் பசையைச் சுரண்டிப் பார்த்தேன். டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. தரையைக் கழுவிவிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

மலிவான கம்பி பிய்த்துக்கொண்டது என்று எல்லோரும் நம்பினார்கள். சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை. மனைவியும் நம்பினாள். "காசப் பாத்து மட்டமானத வாங்கிட்டேனே, நான்தான் மாமாவக் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சுவரில் தடவுவாள். அவளைத் தேற்றியிருக்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மூக்கையும் முகத்தையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பக்கத்தில் போகவே பிடிக்கவில்லை.

அண்ணனுடைய போட்டோவைச் சுவரில் மாட்ட ஆணி தேடி என் கருவிப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அந்தப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. நல்ல ஸ்க்ரூக்கள், துருப்பிடிக்காத ரகம். தூக்கி எறிய மனம் வரவில்லை, சார். "இது ஏன் பிரிக்காம இருக்கு?" என்று கேட்டாள். நான் பெட்டியைத் துடைத்து மூடினேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கம்பி அவரைத் தாங்காது என்று தெரிந்தே பிடிக்கச் சொன்னேன். கூப்பிட்டபோது கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? பேனாவை மட்டும் ஒரு தடவை துடைத்துக் கொடுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். உள்ளே கழிப்பறை தனித்தனியாக இருக்குமா, எல்லோருக்கும் ஒன்றா?

ஒன்றுதானா.

அண்ணன் இருந்திருந்தால் முன்னால் போய்க் கழுவிவிட்டிருப்பார்.