டீச்சர் திடலில் நான் செங்கல் வைக்க மாட்டேன்

இந்த விழாவுக்குத் தலைமையேற்று நடு நாற்காலியில் வீற்றிருக்கும் தம்பி மோகன்ராஜ் அவர்களே! மெட்டில்டா டீச்சர் தொடங்கிய கீழ்க்கட்டளை மாதர் மன்றத்தை இன்று நடத்திவரும் தலைவி ஹெப்சி அவர்களே! டீச்சர் கையால் அடி வாங்கி ஆளான பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் தாய்மார்களே! உள்ளே வாருங்கள், அம்மா. முன்வரிசை காலியாகத்தான் கிடக்கிறது. வரவேண்டிய பிரமுகர்கள் வந்தபிறகு நின்றுகொள்ளட்டும். உங்கள் எல்லோருக்கும் இந்தத் திரிபுரசுந்தரியின் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். டீச்சரைப் பூ என்றார்கள், புறா என்றார்கள், பொறுமையின் பிறப்பிடம் என்றார்கள். யாரைச் சொன்னீர்கள், ஐயா? பொறுமையா? எங்கள் டீச்சருக்கா? கோபம் வந்தால் பல்லாவரம் சந்தை வரைக்கும் கேட்கும் குரல் அது! அந்தக் கோபத்தால்தான் இந்த ஊர்ப் பெண்கள் படித்தார்கள். கோபத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்துக்கு மட்டும் மாலை போடுகிறீர்களே, இது என்ன நியாயம்?

இந்தத் திடலில் தம்பி மோகன்ராஜ் டீச்சர் பெயரால் திருமண மண்டபம் எழுப்பப்போகிறாராம். கீழே கார் நிறுத்துமிடமாம். மன்றத்தின் மூத்தவள் என்று முதல் செங்கல்லை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அழகாகத்தான் இருக்கிறது. வைப்பதற்கு முன்னால் இது எந்த மண் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஆறாம் வகுப்புப் பாதி. மீதியை யாரும் படிக்க விடவில்லை. பெரியவள் ஆகிவிட்டாள், ஓடக்கூடாது, தெருவில் நடக்கக்கூடாது, மூலையில் உட்கார் என்றார்கள். நான் மட்டுமா? ஊரில் எல்லாப் பெண்ணும் அப்படித்தான். தாம்பரத்திலிருந்து டீச்சர் இங்கே வேலைக்கு வந்தபோது, மேல் வகுப்பில் ஒரு பெண்கூட இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்த வீட்டிலும் அப்பன் வாயைத் திறக்கவில்லை. "வேணாம் டீச்சர், ஊரு சிரிக்கும்" என்று தாய்தான் கதவைச் சாத்தினாள்.

அப்போது புரிந்தது டீச்சருக்கு. பெண்ணைக் கூப்பிட்டுப் பயனில்லை, முதலில் தாயைக் கூப்பிட வேண்டும்! மாதர் மன்றம் என்றார். தையல், ஊறுகாய் என்றார். ஆண்பிள்ளைகள் சரி என்று அனுப்பினார்கள். நான் அப்போது புதுப்பெண். மாங்காயும் கையுமாகப் போய் நின்றோம்.

"ஊறுகாய் போட நான் உங்களுக்குக் கத்துத் தரணுமா? நான் போட்டா வாயில வைக்க முடியாது. இந்தா, இதைப் பிடிங்க!" என்று ஒரு ரப்பர் வளையத்தை வீசினார்.

"இன்னா டீச்சர் இது, சைக்கிள் டியூபு மாதிரி கீது?" என்று கேட்டுக்கொண்டே ஒற்றைக் கையால் பிடித்தாள் என்னோடு வந்த சாமுண்டீஸ்வரி. நடுவில் வலை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள், வளையம் தரையில் விழக்கூடாது. அவ்வளவுதான் ஆட்டம். நாங்கள் ரிங்கு என்போம்.

"எதுக்கு டீச்சர் நம்மளுக்கு இது?" என்று கேட்டேன்.

"ஓடிப் பார்த்த அம்மா, பொண்ணை மூலையில உட்கார வைக்க மாட்டாடி!"

அந்த ஒரு சொல்லுக்காக இந்தத் திடலை நாங்கள் உண்டாக்கினோம். ஊர்ப் பொது மண், வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. யார் வெட்டினார்கள்? நாங்கள் வெட்டினோம்! யார் கை கிழிந்தது? எங்கள் கை கிழிந்தது!

பொறுக்குமா ஊர்ப்பெரியவருக்கு? தம்பி மோகன்ராஜ், உன் தாத்தா அப்பாதுரையைத்தான் சொல்கிறேன். அரிவாளோடு வந்தார். வலையை இரண்டாக வெட்டினார். "புடவைய இழுத்துச் செருவிகினு குதிக்கிறாளுங்க! இனிமே இங்க என் மாடுதான் நிக்கும்" என்று வலை கட்டியிருந்த கம்பத்தில் காளையைக் கட்டிவிட்டுக் கைகட்டி நின்றார்.

டீச்சர் முகம் சிவந்தது. "ரொம்ப நல்லதுங்க. எங்க நெட்டு பழசு. உங்க மாடு நல்ல உயரம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு கத்தல்: "சுந்தரி, அந்தப் பக்கம் போ! சாமுண்டி, இந்தப் பக்கம் நில்லு! மாட்டுக்கு மேல போடுங்கடி!"

போட்டோம், ஐயா! மாட்டையே வலையாக்கி ஆடினோம்! நான் போட்ட வளையம் நேராகக் கொம்பில் போய் மாட்டிக்கொண்டது. மிரண்ட காளை கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அப்பாதுரை வீட்டு வாசல்வரை ஓடியது!

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். இப்போது நிறுத்துங்கள். அன்று சாயங்காலம் அந்த வீட்டு அடுப்பில் கரண்டி பழுக்கக் காய்ந்தது. வளையம் பிடித்த வலக்கையில் சூடு வைத்தார்கள். யார் கை? சாமுண்டீஸ்வரி கை! யார் அவள்? அப்பாதுரை வீட்டு மருமகள். தம்பி மோகன்ராஜ், உன்னைப் பெற்றவள்!

சோறு வடிக்கும்போது சுட்டுக்கொண்டேன் என்று சொல்லி வளர்த்திருப்பாள். ஏன் குனிகிறாய்? நிமிர்ந்து கேள். மறுநாள் உங்கள் வீட்டு வாசலில் நின்று, தெருவே கூடும்படி டீச்சர் கத்தினார்: "இன்னொரு வாட்டி அந்தக் கையைத் தொட்டுப் பாருங்க! உங்க பேரைச் சொல்லி நானே போலீசுக்குப் போறேன்!" ஊர்ப்பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டார். உன் அம்மா ஈரத்துணி சுற்றிய கையோடு திடலுக்கு வந்தாள். இடக்கையால் பிடித்தாள். ஒன்றைக்கூடத் தரையில் விடவில்லை!

என்ன, நேரமாகிவிட்டதா? மேடையில் சைகை காட்டுகிற தம்பி, கையை இறக்கு. இத்தனை வருஷம் காத்திருந்தேன், இன்னும் இரண்டு வார்த்தை.

இந்தத் திடலில் ஓடிய தாய்மார்கள் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். என் மகள் உதயா படித்தாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, அதோ உட்கார்ந்திருக்கிறாள். அவளை எந்த மூலையிலும் நான் உட்கார வைக்கவில்லை. இந்த மண் வைக்க விடவில்லை!

இங்கே மண்டபமா? மண்டபத்தில் எந்தப் பெண் ஓடுவாள்? அலங்கரித்து உட்கார வைப்பீர்கள். அன்றும் உட்கார், இன்றும் உட்கார்! அன்று மாட்டைக் கட்டினார்கள், இன்று மண்டபம் கட்டுகிறார்கள். டீச்சர் பெயரை மேலே எழுதி, டீச்சர் மண்ணைக் கீழே பிடுங்குவதா மரியாதை? இந்தா தம்பி மோகன்ராஜ், உன் செங்கல். உன் மேசைமேலேயே வைக்கிறேன். மண்ணில் வைக்க மாட்டேன்.

பந்தல்காரரே, நீங்களும் கேளுங்கள். பந்தலைப் பிரிக்கும்போது நடுவில் இரண்டு கம்பங்களை மட்டும் விட்டுவிடுங்கள். நாளைச் சாயங்காலம் பிள்ளைகள் வருவார்கள், வலை கட்ட வேண்டும். வலை கட்டவிடாமல் தடுக்கிற எண்ணம் இருந்தால், தம்பி மோகன்ராஜ், உன் பெரிய காரைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்து. அதற்கு மேலேயும் போடுவோம்!

கடைசிவரை உட்கார்ந்து கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. எழுந்து நிற்கிறவர்களுக்கு என் வணக்கம்.