முப்பதாம் நாள் பாஸ்தா

"ஹலோ… சொல்லுங்க அத்தை… ஆமாங்க, அடுப்படியிலதான் நிக்கறேன்… ஆமாங்க, ஆமாங்க, அஞ்சு மணிக்குப் படையல் போட்டுருவோம்…"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாருலதா பூண்டை வதக்கினாள். கணவன் ரகுநாதன் போய் இன்றோடு முப்பது நாள். கரூரிலிருந்து மாமியார் தினமும் கூப்பிடுகிறார். இங்கே குஷாய்குடாவில் இவள் தினமும் 'ஆமாங்க' போடுகிறாள். அழுகை மட்டும் வந்தபாடில்லை.

"வடை, பாயசம் ஆச்சுங்க… கோழி இல்லீங்க, எறா… குழம்பு இல்லீங்க அத்தை, பாஸ்தா… பாஸ்தாங்க! சேமியா மாதிரி, தடிமனா இருக்கும்… உங்க பேத்தி அஸ்வினி அவ போன்ல பாத்துச் சொல்றா, நான் செய்யறேன்… அவருக்குப் பிடிச்சதுதானுங்க. ஆபீஸ் பார்ட்டியில ஒருதரம் சாப்பிட்டாராம்… தேங்காப்பால் இல்லீங்க. மாட்டுப்பாலு. கூடவே க்ரீமும்…"

அந்தப் பக்கம் குரல் ஏறியது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"தெரியுங்க… தெரியுங்க அத்தை. மீனும் பாலும் சேந்தா உடம்புல வெள்ளை விழும்… நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, கல்யாணமான புதுசுல… அதான் பதினாலு வருசமா நான் செய்யவே இல்லை. ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் கேட்டாரு. நக்கோ, வேண்டாம்னுட்டு எறா தொக்குதான் வெச்சேன்… ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லலீங்க… ஏய் அஸ்வினி, அடுப்பைக் குறைடி, பொங்குது பாரு… இல்லீங்க, அவகிட்ட சொன்னேன்."

பால் அடங்கியது. இறாலை அள்ளிப் போட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா… இனிமே அவருக்கு வெள்ளை விழுமா?"

"… ஹலோ… இருக்கீங்களா? … அழுவாதீங்க அத்தை… நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் தோணவே மாட்டேங்குதுங்க…"

"என்னங்க? … உப்பா? … பாக்கலீங்க. படையலுக்கு ருசி பாக்கக் கூடாதுல்ல… இதுல உப்பு எவ்வளவு இருக்கணும்னும் தெரியலை, நான்தான் சாப்பிட்டதே இல்லையே… எப்பவும் அவரைத்தான் கூப்பிடுவேன், உப்புப் பாக்க… இப்பக்கூட கரண்டியில எடுத்து ஊதிக்கிட்டே ஹாலுக்குப் போயிட்டேனுங்க. போட்டோ முன்னாடி போய் நின்னப்பறம்தான்…"

கரண்டியை மேடையில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"… சொல்லுங்க… ம்… சரிங்க அத்தை. இலை நெறையவே வெக்கறேன்."

போனைக் கட் செய்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய கரண்டியைத் தேடி எடுத்தாள்.