முப்பதாவது மாதிரி

ஆய்வேட்டை ஒப்படைக்க இருபத்தேழு மணி நேரம் இருந்தது. அவசரத்தில் செய்துவிட்டேன் என்று விசாரணைக் குழுவினர் நீங்கள் மூவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இருபத்தேழு மணி நேரம் தாராளம்.

என் ஆய்வு எளிமையானது. முடியைக் கரைக்கும் நொதியைப் பசையாக்கித் தோலில் தடவ வேண்டும். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் துடைக்க வேண்டும். எரியாது, காயம் வராது. முடி மட்டும் வந்துவிடும். பங்கேற்பவரின் இடது முன்கையில் நொதிப் பசை. வலது முன்கையில், ஒப்பிட்டுப் பார்க்க, நொதி இல்லாத வெறும் பசை.

துறையின் விதிகள் உங்களுக்கே தெரியும். எழுதியதே நீங்கள்தான். முப்பது பேராவது வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒப்பீட்டுப் பகுதி வேண்டும். வாய்மொழியாகவாவது சம்மதம் வாங்க வேண்டும். எதையும் நான் மீறவில்லை.

அன்று காலை நெறியாளரின் அறைக்குப் போனபோது என்னிடம் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். எனக்குக் குரல் மெல்லியது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"சத்தமே வரலையே, உன் பசைய தொண்டையில தடவிக்கிட்டியா?" என்றார் சார். அங்கிருந்த இளநிலை மாணவர்கள் சிரித்தார்கள். சார் மீசையை முறுக்கினார். பெரிய மீசை. இரண்டு முனையும் மேலே பார்த்து நிற்கும்.

"இருபத்தொம்பதெல்லாம் ஒரு ஆய்வா? முப்பது கொண்டா. இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் எனக்குக் கிடைத்திருந்த வேலை போய்விடும். ஆய்வேடு ஒப்படைத்த சான்றோடு திங்கட்கிழமை சேர வேண்டும். சார் மேல் எனக்கு வருத்தமில்லை. என் இரண்டாம் இயல் ஏழு மாதம் அவருடைய காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்ததையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காபிக்கடை அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கையில முடி போயிருமா? நல்லதுதானம்மா, காபில விழாது. கூட்டம் குறையட்டும், வரேன்."

சார் மதியம் சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் "ம்" என்பார். என் ஆய்வுத் தலைப்புக்கு அப்படித்தான் ஒப்புதல் வாங்கினேன். எனக்கு முன் பதினோரு பேரும் அப்படித்தான். அந்த "ம்" செல்லாது என்றால் எங்கள் யார் தலைப்பும் செல்லாது. குழு இதை யோசிக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் போனேன்.

"சார், உங்க மீசைல தடவிக்கலாமா? இடது பாதி மட்டும் போதும்."

"ம்."

வலது பாதிக்கு வெறும் பசை. பசை காய்ந்துவிடாமல் இருக்க மின்விசிறியைக் குறைத்தேன். பன்னிரண்டு நிமிடம் நின்றேன். ஈரப்பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். சாருக்கு அந்தக் கவலை பாதி குறைந்தது.

அன்று சாரின் நான்கு மணி வகுப்பில் ஒருவர்கூடத் தூங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை வலது பாதியும் இல்லை. அவரே வழித்திருந்தார். ஏதோ ஒவ்வாமை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நெறியாளர் ஒப்பீட்டுத் தரவை அழித்ததுதான் இதில் எனக்குத் தெரிந்த ஒரே முறைகேடு.

"முப்பது ஆச்சா?" என்றார். விரல்கள் பழக்கத்தில் காற்றை முறுக்கின.

"ஆச்சு சார்."

படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

புறத்தேர்வாளர் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அட்டவணை முழுக்க "முன்கை" என்றிருக்க, கடைசி வரியில் மட்டும் "மேல் உதடு" என்றிருந்தது. வாய்மொழித் தேர்வில் அவர் அந்த வரியைப் பார்த்தார். பிறகு சாரின் முகத்தைப் பார்த்தார். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

தரவை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. முப்பது பேர் தேவைப்பட்டார்கள். கண்ணெதிரே ஒரு மீசை இருந்தது. இதில் கோபதாபம் எதுவும் இல்லை.

மேடம், அட்டவணையை ஏன் விரல் வைத்து எண்ணுகிறீர்கள்? காபிக்கடை அண்ணனா? வந்தார், மேடம். இரண்டு மணிக்கு. ஆமாம், சார் அறைக்கு நான் போவதற்கு முன்புதான். இல்லை, இந்த முறை திரும்பச் சொல்ல வைக்க மாட்டேன், சத்தமாகவே சொல்கிறேன்.

சார் முப்பத்தொன்றாவது.