கோட்டின் மேல் பல்லி

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் மடியில் மடக்கிய வெள்ளைக் கோல் இருந்தது. அவள்தான் ஆரம்பித்தாள்.

“நேத்து எகனாமிக்ஸ் வீடியோவுல, போர்டுல கோட்டு மேல பல்லி உக்காந்துக்கினு இருக்குதுன்னு சாரே சொன்னாருடி.”

“நானும் பாத்தேன். பாடத்துல அத எதுக்கு சொல்றாரு?”

“நான்தான் போன் பண்ணி கேட்டேன். ‘டிமாண்ட் கோடு இப்படி வந்து இப்படிப் போவும்’னு கைய காட்டினா எனக்கு என்னா தெரியும்? போர்டுல இருக்கிறதெல்லாம் வாயால சொல்லுங்க சார், இல்லாட்டி நான் படிப்ப விட்டுடுவேன்னேன்.”

“அதான் ‘இடது பக்கம் மேலேருந்து வலது பக்கம் கீழ இறங்குது’ன்றாரா? எனக்கே இப்பதான்டி புரியுது. சில நாள் போனப் பாக்காமலே, மாடு கறந்துக்கினே கேக்குறேன்.”

“டஸ்டரால பல்லிய தட்டுறேன்னாரு. அப்புறம் பேச்சே காணோம். அது எங்க போச்சு?”

“அவர் தோள் மேலதான் விழுந்துச்சு.”

இருவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. கோல்காரி போனைக் கையில் எடுத்தாள்.

“தோள்ல விழுந்தா ஜெயம்டி. பாவம், பயந்துக்கினு இருப்பாரு. இத நான் அவருக்கு சொல்றேன்.”