மாமனாரின் செருப்பைப் படம் பிடித்தவர்

"எங்கப்பன் மூஞ்சிய விட அவுரு செருப்பு உனக்கு அழகா போச்சா மச்சான்?"

ரயில் கடலூரை விட்டதிலிருந்து எதிர் பெஞ்சுக்காரர் இதையே கேட்டுக்கொண்டு வந்தார். அவர் பக்கத்தில் கேமரா பெட்டியை மடியில் வைத்திருந்தவர் அவருடைய தங்கை புருஷன். சிதம்பரத்தில் போட்டோ பிடிக்கிறவராம்.

"நான் என்னா பண்றது? நாற்காலி போட்டு, ஜரிகத் துண்டு போத்தி ஒக்கார வச்சா, படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு செருப்ப வுட்டுட்டு முந்திரித் தோப்புக்குள்ள ஓடிட்டாரு மாமா."

"அதுக்கு? இந்த யுத்த காலத்துல பிலிமே கெடைக்கல. இருந்த ஒண்ண செருப்புக்கா செலவு பண்ணுவ?"

"வெயிலு சாஞ்சி வுழுந்துது மச்சான். பெருவெரல் அழுந்துன பள்ளம், தேஞ்சுபோன குதிங்கால் பக்கம், அவுரே நிக்கிற மாதிரி இருந்துது. படத்தப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"என்னா சொன்னாரு?"

"அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. மறுநாளு அந்தச் செருப்பு வாரு அறுந்துபோச்சு. 'பாத்தீங்களாடா, நான் ஒக்காந்திருந்தா என்னா ஆயிருக்கும்?'னு அறுந்த செருப்பத் தூக்கிக்கிட்டு காடாம்புலியூரு பூரா காட்டிக்கிட்டுத் திரியிறாரு. இனிமே உன் பொட்டி முன்னால எவன் ஒக்காருவான்?"

ஜன்னல் வெயில் மச்சானின் காலடியில் விழுந்திருந்தது. போட்டோக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதையே பார்த்தார்.

"ஒன் செருப்புல கூட வெயிலு நல்லாத்தான் வுழுவுது மச்சான்."

அவ்வளவு நேரம் சண்டை போட்டவர் சட்டென்று இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார், செருப்போடு.