குவியலுக்குள் இருந்த வெண்பொடி

தலைமை தாங்கும், விவசாயிகளின் கமக்கார அமைப்பின் தலைவர் ஸஹாப்தீன் அவர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும், மறைந்த மிஸ்ஸின் கணவர் முனாஸ் அவர்களே, குறிஞ்சாக்கேணியிலிருந்தும் மூதூரிலிருந்தும் எங்கள் சம்பூரிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

என் பெயர் புஸ்பராணி. சம்பூரில் வைக்கோலையும் சாணத்தையும் மக்கவைத்து உரமாக்க, நாங்கள் பெண்கள் நடத்தும் கூட்டெரு நிலையத்தின் செயலாளர். மர்ஹூமா ஸல்ஹா முனாஸ், நமது விவசாயப் போதனாசிரியர், எங்கள் ஸல்ஹா மிஸ், நாற்பத்தொன்பது வயதில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழ்வேன். ஆனால் நான் பயந்துபோய் நிற்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரசாயன உரம் கிடைக்காமல் போன அந்த வருடத்தில்தான் மிஸ் எங்களிடம் வந்தார். வைக்கோலையும் சாணத்தையும் ஆளுயரத்துக்குக் குவிக்கச் சொன்னார். பத்தாம் நாள் குவியலைப் பிரித்தபோது ஆவி பறந்தது. உள்ளே சாம்பல் தூவினாற்போல் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. எல்லாம் பழுதாகிவிட்டதென்று கலங்கினோம்.

“பயப்படாதீங்க, இது பூஞ்சணம் இல்ல” என்றார் மிஸ். “அக்டினோபற்றீரியா. பூஞ்சணம் மாதிரி நூல் விட்டு வளரும், ஆனா பற்றீரியா இனந்தான். மத்ததுகள் தின்ன ஏலாம விட்ட நார இதுதான் தின்னும். இந்தச் சூடும் அதுக்கு நல்லாப் பிடிக்கும்.”

ஒரு பிடியை வெறுங்கையால் அள்ளி, மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். “முதல் மழை வாசம் வருதா? மண்ணுக்கு அந்த வாசத்தக் குடுக்கிறதும் இந்தக் கூட்டந்தான்.”

பிறகொரு நாள் எங்களை நிலாவெளிக் கரைக்குக் கூட்டிப்போனார். வெறும் மணலில் சவுக்கு மரம் எப்படிப் பச்சையாய் நிற்கிறது என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. வேரைத் தோண்டி, அதில் திரண்டிருந்த முடிச்சுகளைக் காட்டினார். அவற்றுக்குள்ளும் இதே இனத்தின் உறவுகள் இருந்துகொண்டு, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கின்றனவாம். ஆஸ்பத்திரியில் கிருமியைக் கொல்லத் தரும் மருந்துகளில் பலவும் மண்ணிலுள்ள இந்த இனத்திடமிருந்துதான் முதலில் கிடைத்தன என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற எங்களை மதித்து, இதையெல்லாம் வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

மூன்றாம் வருடம் அவருக்கு இருமல் தொடங்கியது. குவியல் பிரட்டிய நாட்களில் பின்னேரமானால் குளிர்காய்ச்சல், மறுநாள் சுகம். முதலில் தடிமன், சளி என்றார்கள். பிறகு சயரோகமோ என்று சோதித்தார்கள். அதுவல்ல என்று முடிவு வருவதற்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. அவர் குடித்த கோப்பையைத் தனியே எடுத்து வைத்தோம். நான்தான் வைத்தேன். முனாஸ் அவர்களே, என்னை மன்னியுங்கள்.

கடைசியில் ஒரு மருத்துவர்தான், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். காய்ந்த குவியலைக் கிளறும்போது அந்த வெண்பொடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, விதை போன்ற வித்திகள் கோடிக்கணக்கில் எழும்பும். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல. வருடக்கணக்காய் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போக, அதை எதிர்த்து எதிர்த்தே அவருடைய நுரையீரல் வடுப்பட்டுவிட்டது.

இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார் மருத்துவர். மிஸ் மறுநாளே வந்தார். நிலையத்து வேலிக்கு வெளியே, தூள் படாத பக்கமாய் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

“குவியலக் காய விடாதீங்க. தண்ணி தெளிச்சுத்தான் பிரட்டணும். மாஸ்க் இல்லாம யாரும் கிட்டப் போகக்கூடாது. உங்களுக்குள்ள யாருக்கும் இருமல், காய்ச்சல் இருக்கா?”

“இல்ல மிஸ்” என்றேன்.

சபையோரே, அது பொய். எனக்கு ஆறு மாதமாய் அந்தப் பின்னேரக் காய்ச்சல் இருந்தது. சொன்னால் நிலையத்தை மூடிவிடுவார்கள், பதினொரு பெண்களின் வேலை போய்விடும் என்று பயந்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

சென்ற மாதம் அவருடைய வீட்டுக்குப் போனேன். மூக்கில் ஒட்சிசன் குழாய். குசினிவரை நடக்கவும் அவருக்கு முடியவில்லை.

“பயமா இருக்கா மிஸ்?” என்று கேட்டேன்.

“ஓம், நல்லாப் பயமா இருக்கு” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “உங்களுக்கு இது எப்பத் தொடங்கினது?” என்றார்.

என் மூச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கோபிக்கவில்லை.

“எனக்குப் பிந்திட்டு. நீங்க இப்பவே நிப்பாட்டினா இன்னும் சுகம் வர இடமிருக்கு, புஸ்பராணி. பயந்து ஒளிச்சு வெக்காதீங்க. பயமெண்டா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

போனேன். நெஞ்சைப் படம் பிடித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு சொல்வார்கள். அந்த நாளை நினைத்தாலே எனக்குப் பயம்.

ஸல்ஹா மிஸ் தொடங்கிய நிலையத்தை நாங்கள் மூடமாட்டோம். அந்த வெண்பொடி இல்லாமல் எந்த வைக்கோலும் மண்ணாகாது. மண்ணில்லாமல் நமக்கு வாழ்வுமில்லை. ஆனால் இனி அவர் வெறுங்கையால் செய்ததுபோலச் செய்யமாட்டோம். வேலிக்கு வெளியே நின்று அவர் சொன்னபடி செய்வோம். நனைக்காத குவியலில் நாங்கள் எவரும் மண்வெட்டி வைக்கமாட்டோம். இருமுகிறவர் எவரையும் இனிக் குவியலுக்குக் கிட்ட விடமாட்டோம், வேலையை விட்டும் அனுப்பமாட்டோம். இது இந்தச் சபை முன்னால் நாங்கள் தரும் வாக்கு.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு வான் வண்டி புறப்படுகிறது. ஒன்பது பேர் போகலாம். இதுவரை என்னோடு வர இரண்டு பேர்தான் பெயர் தந்திருக்கிறார்கள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து, பின்வரிசைகளில் நான்கு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியது எனக்குக் கேட்டது. மேடையில் நின்று எவருடைய பெயரையும் சொல்லமாட்டேன். இறங்கி வந்து வாசலடியில் நிற்பேன். எதுவும் கதைக்க வேண்டாம். போகும்போது என் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போங்கள். உங்களுக்கும் ஓர் இடம் போட்டு வைக்கிறேன்.