அவள் கைக்கு இறங்காத கண்ணாடி

"கண்ணாடிக்கு அம்மாவைப் பிடிக்காதாப்பா?" என்று என் மகள் ஒருநாள் காரின் பின்சீட்டிலிருந்து கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அந்த வயதில் குழந்தைகள் இப்படி எதையாவது கேட்பார்கள்.

"அப்படியெல்லாம் இல்லடா செல்லம். அம்மா கையில கொஞ்சம் பலம் குறைஞ்சிருக்கு. நாமதான் அம்மாவை நல்லா பாத்துக்கணும்" என்றேன்.

என் மனைவி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி அன்றும் இறங்கியிருக்கவில்லை.

நான் கார் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடத் தொழில். காலையில் கடையைத் திறந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பேன். இன்று என் கையால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று கடவுளிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவேன். பவர் விண்டோ, அதாவது சுவிட்சை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடி வேலை என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். மற்ற கடைகளில் எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். நான் முதலில் உள்விளக்கைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அழுத்துவேன். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார்வரை கரண்ட் போகிறது, கண்ணாடிதான் எங்கோ சிக்கியிருக்கிறது. மங்கவே இல்லையென்றால் வழியில் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கதவு மடங்கும் இடத்தில், ரப்பர் குழாய்க்குள். தினமும் திறந்து மூடியே உள்ளே செம்பு அறுந்துபோகும். மேலே உறை பளபளவென்று இருக்கும். கையால் தடவிப் பார்த்தாலும் தெரியாது.

எங்கள் காரில் முதலில் வந்தது அந்தக் கோளாறுதான். நிஜமான கோளாறு. அதை நான் செய்யவில்லை.

என் மனைவி லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஊசி போனதே தெரியாது என்பார்கள். ஊசி போட வேறு எத்தனை பேர் சும்மா இருந்தாலும், "அந்தக் கைராசிக்காரம்மா வரட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். அந்தப் பிரிவுக்கே அவளைத் தலைமையாகப் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தாலும் அவள் பேச்சு முழுக்க லேப்தான். நான் சாப்பிட்டேனா என்பதைக்கூட போனைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

அந்த முதல் கோளாறைப் பத்தே நிமிடத்தில் சரிசெய்தேன். கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது. அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "உங்க கைராசி யாருக்குங்க வரும்?" என்றாள். பதினொரு வருடத்தில் அவள் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டேன். மனிதனுக்கு இந்தச் சின்ன ஆசைகூட இருக்கக்கூடாதா?

ஓட்டுநர் கதவின் சுவிட்சுக்குப் போகும் எர்த் கம்பியை வெட்டி, தரைவிரிப்புக்கு அடியில் என் பக்கம் கொண்டுவந்தேன். செருப்பு முனையால் தட்டினால் போதும், அப்படி ஒரு சின்னச் சுவிட்ச் வைத்தேன். தட்டினால் அவள் பக்கத்துக் கண்ணாடி செத்துவிடும். மறுபடி தட்டினால் உயிர் வரும். வேலை சுத்தமாக இருந்தது.

காலையில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். லேப்புக்குப் பின்தெருவில்தான் என் கடை. லேப் வாசலில் கண்ணாடியை இறக்கிக் காவலாளியிடம் அட்டையைக் காட்ட வேண்டும். அவள் அழுத்தினாள், இறங்கவில்லை. பின்னால் நான்கு வண்டிகள் ஹார்ன் அடித்தன.

"ஊருக்கெல்லாம் ஊசி போடுறீங்க, அந்தக் கண்ணாடிக்கும் ஒண்ணு போடுங்கம்மா" என்றான் காவலாளி.

நான் செருப்பு முனையைத் தட்டிவிட்டு, அவள் மடிக்கு மேலே சாய்ந்து, அதே சுவிட்சை அழுத்தினேன். இறங்கியது.

"என் கைக்குத்தான் வரமாட்டேங்குது போல" என்று சிரித்தாள்.

நான் எதிர்பார்த்தது வேறு வார்த்தை. ஆனால் அவள் சொன்ன இந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். சில நாள் செத்த நிலையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போவேன். அவள் தனியாகத் திரும்பும்போதும் கஷ்டப்படுவாள். எனக்குத் தெரியாமல் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினாள். அன்று பார்த்து நான் உயிர் கொடுத்து வைத்திருந்தேன். "வண்டியில ஒரு குறையும் இல்ல மேடம், அழுத்துற விதமா அழுத்தணும்" என்றானாம் அவன். ராத்திரி அவளே வந்து சொல்லி அழுதாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

வீட்டிலும் சில சின்ன விஷயங்கள் செய்தேன். அடுப்பு லைட்டரின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். பாட்டில் மூடிகளை அவள் வருமுன் என் முழு பலத்தோடு இறுக்கி வைத்தேன். அவள் திணறும்போது நானே ஓடிவந்து திறந்து கொடுப்பேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

நரம்பு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. வெளியே படிக்கட்டில் நின்று, "ரிப்போர்ட்ல வராத வியாதியும் இருக்குமாங்க?" என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அப்படி வியாதிகள் இருக்கத்தான் செய்கின்றன.

அடுத்த மாதம் ஒரு கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது அவள் கை நடுங்கியது. மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. குழந்தையின் தாய் அவளைத் திட்டவில்லையாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறொருத்தியிடம் போனாளாம். அன்று மாலையே வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றாள். பேனா பிடிக்க முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அந்த நடுக்கத்தை நான் செய்யவில்லை. அதற்கு எந்தக் கம்பியும் நான் இழுக்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

போன மாதம் அவள் தங்கை, பிறந்து இருபது நாளான பெண்குழந்தையோடு வந்திருந்தாள். "இந்தா பெரியம்மா, உன் பொண்ணைப் பிடி" என்று நீட்டினாள்.

"வேண்டாம்டி. கீழ போட்டுருவேன்."

"என்னக்கா பேசுற? என்னையே இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சவ நீ. பிடிக்கா."

என் மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் குழந்தையை வாங்கி, என் மனைவியின் முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பிடித்தேன். கையைப் பின்னால் வைத்தபடியே குனிந்து முத்தம் கொடுத்தாள். "மாமா மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கணுமே" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது.

இப்போது அவள் எதையும் என்னிடம்தான் கேட்கிறாள். சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன். "நீங்க இல்லன்னா என் கதி என்ன?" என்கிறாள். உண்மைதான்.

அவள் ஸ்டீயரிங்கைத் தொடுவதையும் விட்டுவிட்டாள். ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதற்கு என்று காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியை. சின்ன வயது, இப்போதுதான் ஓட்டப் பழகியிருக்கிறார். எடுத்துப் போக வருவதற்கு முந்தின நாள், வீட்டில் யாரையும் கூப்பிடாமல் வண்டிக்குள் உட்கார்ந்தேன். விரிப்பைத் தூக்கி அந்தச் சின்னச் சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். எர்த் கம்பிக்குப் புதுக் கம்பியே போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றினேன். கண்ணாடியைப் பத்து முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. இதற்கெல்லாம் நான் கூலி கேட்கவில்லை, அந்தப் பெண்ணிடம் சொல்லவும் இல்லை. செய்ய வேண்டிய கடன், செய்துவிட்டேன். யாரோ பெற்ற பெண், தினமும் தனியாக ஓட்டிப் போகப்போகிறவள். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.